ஒக்கலிபுரத்து அட்மினிஸ்ட்ரேட்டர்

மகாவுக்குக் கம்ப்யூட்டர் மேல் ஆசையென்று எதுவும் இருந்ததில்லை. 2001-இல் அது வீட்டுக்கு வந்து இறங்கியபோது, துடைக்க வேண்டிய சாமான்களில் இன்னொன்று கூடிவிட்டது என்றுதான் நினைத்தாள்.

ஒக்கலிபுரத்தில் ரயில்பாதையை ஒட்டிய சந்தில் அவர்கள் வீடு. சன்னலைத் திறந்தால் இரும்பு வாடையோடு தூசி உள்ளே வரும். மாமனார் அய்யாவு ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் சந்திரம்மாவுக்கு முழங்கால் வலி; உட்கார்ந்த இடத்திலிருந்தே வீட்டை நடத்துவாள். மகாவின் கணவன் உமேஷ் மெஜஸ்டிக் பக்கம் ஒரு கூரியர் ஆபீஸில் சூப்பர்வைசர். அவனுடைய தங்கை சௌம்யா மல்லேஸ்வரத்தில் பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். அவள் படிப்புக்கென்று சொல்லித்தான் உமேஷ் கம்ப்யூட்டர் வாங்கினான். கம்பெனி மெஷின் இல்லை. அவன் நண்பன் கிருஷ்ணப்பா எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, பாகம் பாகமாக வாங்கி, கூடத்திலேயே உட்கார்ந்து பூட்டிக் கொடுத்தது.

வந்த புதிதில் எல்லோருக்கும் அது வேண்டியிருந்தது. சௌம்யா நோட்ஸ் அடித்தாள். உமேஷ் பாட்டுகளை ஏற்றினான். ஜென்மத்தில் சீட்டைத் தொடாத அய்யாவு, திரையில் சீட்டுக்கட்டைக் கண்டதும் மத்தியானத் தூக்கத்தையே விட்டுவிட்டார். சந்திரம்மா ஆயுதபூஜைக்கு அதற்குக் குங்குமம் வைத்தாள். மகா அந்தக் குங்குமத்தை மறுநாள் ஈரத்துணியால் துடைக்கப் போனபோது சௌம்யா பின்னாலிருந்து கத்தினாள்.

"அண்ணி! அது இன்னா அம்மிக்கல்லா, ஈரத்துணி போட்டுத் தேய்க்க?"

எல்லோரும் சிரித்தார்கள். மகாவும் சிரித்துவைத்தாள். திருப்பத்தூர் பக்கத்தில் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்தவள் அவள். நாத்தனார் சிரிக்கிற சிரிப்பில் எது விளையாட்டு, எது குத்தல் என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியும்.

மழைக்காலத்தில் ஒருநாள் கம்ப்யூட்டர் கிளம்ப மறுத்தது. திரை கறுப்பாகவே இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து விட்டு விட்டு நீளமாக ஒரு பீப் சத்தம் மட்டும் வந்தது. கிருஷ்ணப்பா இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று இழுத்தடித்து ஒருவழியாக வந்து சேர்ந்தான். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளேயிருந்து விரல் நீளப் பச்சைத் துண்டு ஒன்றைப் பிடுங்கினான். சௌம்யாவின் ரப்பரை வாங்கி, அதன் ஓரத்திலிருந்த மஞ்சள் பற்களில் தேய்த்தான். திரும்ப அழுத்திச் செருகினான். கம்ப்யூட்டர் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்துகொண்டது.

காபி டம்ளரோடு நின்ற மகா கேட்டாள்: "அவ்ளோதானா?"

"அவ்ளோதான் அக்கா. இது ராம். தூசி ஏறிடுது, காண்டாக்ட் கிடைக்கறதில்ல. ப்ளக்கப் புடுங்கிட்டு, இந்த இரும்புத் தகட்டை ஒரு தடவை தொட்டுட்டு அப்புறம் கை வைக்கணும். பயம் பேடா" என்றான் பாதிக் கன்னடத்தில்.

அடுத்த முறை அந்தச் சத்தம் வந்தபோது வீட்டில் மாமியார் மட்டும்தான் இருந்தாள். மகா ப்ளக்கைப் பிடுங்கினாள். ஸ்க்ரூவைக் கழற்றினாள். ஏதாவது உடைந்தால் யார் பேச்சு வாங்குவது என்று மனசு ஒருபக்கம் அடித்துக்கொண்டாலும், கை நிற்கவில்லை. ரப்பரால் தேய்த்து, 'க்ளிக்' என்ற சத்தம் கேட்கும்வரை அழுத்தினாள். ஸ்விட்சைப் போட்டதும் விசிறி சுழன்றது. திரையில் எழுத்து வந்தது. மழையில் நனைந்த விறகு சட்டென்று பற்றிக்கொள்ளும்போது ஒரு நிம்மதி வருமே, அதுபோல இருந்தது அவளுக்கு. மாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. தகட்டை மூடிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் கற்றுக்கொண்டதெல்லாம் படித்துக் கற்றது. புத்தகத்தை அல்ல, திரையை. அந்த வீட்டில் யாரும் கம்ப்யூட்டர் சொல்வதைப் படிப்பதில்லை என்று அவள் கவனித்தாள். ஏதாவது கட்டம் முளைத்தால் ஓகேயை அழுத்திவிட்டு, அப்புறம் "ஹேங் ஆயிடுச்சு" என்பார்கள். மகா எழுத்துக்கூட்டிப் படித்தாள். புரியாத சொல்லுக்கு சௌம்யாவின் டிக்‌ஷனரியைப் புரட்டினாள். அது கேட்பதெல்லாம் திரும்பத் திரும்பச் சில கேள்விகள்தான் என்று போகப்போகத் தெரிந்தது: செய்யட்டுமா, வேண்டாமா, நிஜமாகத்தான் சொல்கிறாயா.

நிஜமாகத்தான் என்று அவள் ஒருநாள் தப்பான இடத்தில் சொல்லிவிட்டாள். இடம் அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு ஃபோல்டரைக் குப்பை என்று நினைத்து நீக்கினாள். மறுநாள் கம்ப்யூட்டர் எழவில்லை. கிருஷ்ணப்பா வந்து உதட்டைப் பிதுக்கி, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டான். சௌம்யாவின் கடைசி வருடப் ப்ராஜெக்ட் அதோடு போயிற்று.

சௌம்யா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பாதி ராத்திரிவரை உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி அடித்தாள். ஒரு வாரம் அண்ணியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தெரியாததை நீக்கக்கூடாது, எதை வைத்திருந்தாலும் அதற்கு ஒரு நகல் இருக்க வேண்டும் என்ற இரண்டும் மகாவின் மண்டையில் அந்த வாரத்தில் ஏறின. ஃப்ளாப்பிகளில் பெயர் எழுதி ஒட்டி, பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைக்கத் தொடங்கினாள். சௌம்யாவின் காலேஜிலிருந்து எந்த ஃப்ளாப்பி வந்தாலும் முதலில் வைரஸ் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள். "பஸ் ஸ்டாண்டுல செக் பண்றாப்பல பண்றியே" என்று உமேஷ் கிண்டல் செய்தான். செய்யட்டும் என்று விட்டாள்.

கம்ப்யூட்டர் வாங்கி இரண்டு வருடம் கழித்து கிருஷ்ணப்பா எக்ஸ்பி என்ற புதிய விண்டோஸைப் போட்டு, போன் லைனில் இன்டர்நெட்டும் இணைத்தான். ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ளலாம், ஆளுக்கொரு பாஸ்வேர்ட், ஒருத்தர் சாமான் இன்னொருத்தர் கையில் சிக்காது என்றான். பிறகு கேட்டான்: "அட்மினிஸ்ட்ரேட்டர் யாரு? ஒருத்தர் பேரு வேணும். யாருக்கு இன்னா உரிமைன்னு அவங்கதான் சொல்றது."

"என் பேரைப் போடு" என்றார் அய்யாவு. கரெண்ட் பில், காஸ், ரேஷன் எல்லாம் அவர் பேரில்தான் இருந்தன.

"உங்களுக்கு ஆன் பண்ணவே தெரியாதேப்பா" என்றான் உமேஷ். "மகா பேரைப் போடுப்பா. அவதானே அதோட குடும்பம் நடத்திக்கினு கீறா."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் கிருஷ்ணப்பா அடித்துவிட்டான். திரையில் 'மகா' என்று ஆங்கிலத்தில் எழுந்த நாலு எழுத்தை அவள் சற்று நேரம் பார்த்தபடி நின்றாள். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் பேரில் வந்த முதல் பொருள் அதுதான் என்பது அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது.

அந்தப் பேருக்கு என்ன பலம் என்பது பிறகுதான் தெரிந்தது. டிஸ்க் நிறைந்துவிட்டதென்று ஒருநாள் எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனாள். சௌம்யாவின் பெயர் போட்ட ஃபோல்டர் வந்தது. சும்மா அழுத்திப் பார்த்தாள், திறந்துகொண்டது. பாஸ்வேர்ட் போட்டிருக்கிறாளே, எப்படித் திறந்தது என்று திகைத்தாள். அட்மினிஸ்ட்ரேட்டருக்குத் திறக்கும், அவ்வளவுதான். உள்ளே பாட்டு, படம், அதற்குக் கீழே சாட்டில் பேசியதெல்லாம் தேதிவாரியாகச் சேர்ந்திருந்தன. யாரிடம் பேசினாள் என்று பார்க்க இன்னும் ஒரே ஒரு அழுத்தல் போதும். மகாவின் விரல் மவுஸின் மேலேயே இருந்தது. அம்மிக்கல் சிரிப்பு காதில் கேட்டது. பார்த்தால் என்ன, யாருக்குத் தெரியப்போகிறது என்றும் தோன்றியது.

பிறகு ஃபோல்டரை மூடிவிட்டாள். நல்லவள் என்பதால் மூடவில்லை, பயத்தில்தான் மூடினாள். தெரிந்துகொண்டால் அதைத் தெரியாததுபோல் வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் தினம் சோறு போட முடியாது என்ற பயம்.

அதற்குள் சௌம்யா படிப்பை முடித்து, ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். 2004 கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உமேஷ் வெளியிலிருந்து சிடுசிடுவென்று வந்தான். சௌம்யா தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். உமேஷ் நாற்காலியை இழுத்துக் கம்ப்யூட்டர் முன்னால் போட்டான்.

"மகா, இங்க வா. சௌம்யா எவன்கூடவோ பஸ் ஸ்டாப்ல நின்னு பேசிக்கினு இருந்தாளாம். ஆபீஸ் பையன் ஒருத்தன் பாத்துட்டு வந்து சொல்றான். வீட்லயும் எப்ப பாரு இதுல எவனுக்கோ டைப் பண்ணிக்கினே இருக்கா. அவளுத தொற."

"பாஸ்வேர்ட் இருக்கே."

"உன்னால முடியுமாமே. கிருஷ்ணப்பாதான் சொன்னான்."

மகா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். முடியாது என்று ஒரு பொய் சொன்னால் அத்தோடு முடிந்துவிடும். வாய் வரைக்கும் வந்தது.

"முடியும்" என்றாள். "ஆனா தொறக்க மாட்டேன்."

உமேஷுக்கு முதலில் புரியவில்லை. "இன்னா சொன்னே?"

"தொறக்க மாட்டேங்க. அவ எழுதினத அவ இல்லாதப்ப நான் தொறக்க மாட்டேன்."

"நான் அவ அண்ணன். எனக்கு உரிமை இல்லியா?"

"இருக்கு. அவள உக்கார வெச்சிக் கேளுங்க. கேக்கறதுக்கு உரிமை இருக்கு."

"பொட்டப் புள்ள கேட்டா சொல்லுமா?"

"சொல்லலாம், சொல்லாமப் போலாம். ஆனா இதத் தொறந்துட்டா அப்புறம் இந்த வீட்ல யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல மாட்டாங்க."

உள்ளறையிலிருந்து சந்திரம்மா குரல் கொடுத்தாள்: "அவன் கேக்கறதக் காட்டிட்டுப் போயேன்டி. ஒளிக்கறதுக்கு இன்னா கீது?"

மகாவுக்குக் கல்யாணமான புதிதில் நடந்தது நினைவுக்கு வந்தது. திருப்பத்தூரிலிருந்து அவள் அக்கா இன்லாண்டு லெட்டர் போடுவாள். அது மகா கைக்கு வருவதற்குள் மாமனார் பிரித்து, எல்லோருக்கும் கேட்கும்படி படித்துவிட்டிருப்பார். அவரிடம் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. வீட்டுக்கு வந்த கடிதம் வீட்டுக்குத்தான் என்று நினைத்தார். அக்கா அதைத் தெரிந்துகொண்டதும், "நலம், நலமறிய ஆவல்" என்பதற்கு மேல் எதையும் எழுதுவதை நிறுத்திவிட்டாள். அவள் புருஷனோடு பட்ட பாட்டையெல்லாம் மகா மூன்றாம் மனுஷர் சொல்லித்தான் பிறகு கேள்விப்பட்டாள்.

இதையெல்லாம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "அத்தே, நான் காட்ட மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். உமேஷ் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு எழுந்து போனான். அவன் சாப்பிட வரவில்லை.

சாயங்காலம் சௌம்யா வந்ததும் மகா அவளை மாடிக்கு அழைத்துப்போனாள். காய்ந்த துணியை எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"சௌம்யா, உன் ஃபோல்டர என் பேர்ல தொறக்க முடியும். உனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறேன். அதுக்கு ப்ரைவேட்னு ஒண்ணு இருக்கு, காட்டித் தரேன். போட்டுக்க. நீ சாட் பண்றதெல்லாம் உள்ள சேந்துக்கினே வருது, அதையும் நிறுத்திக்கலாம்."

நன்றி சொல்வாள் என்று மகா எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் நடந்ததை எதிர்பார்க்கவில்லை. சௌம்யாவின் முகம் வெளுத்தது.

"அப்போ இத்தன நாளா பாத்துக்கினு இருந்தீங்களா?"

"இல்ல. தொறக்குதுன்னு தெரியும். உள்ள படிக்கல."

"சேந்துக்கினு வருதுன்னு எப்படித் தெரியும் அப்போ?"

மகாவிடம் பதில் இருந்தது, ஆனால் அதைக் கேட்க யாரும் இல்லை. சௌம்யா படியிறங்கிவிட்டாள். அன்றைக்கே தன் ஃபோல்டரைப் பூட்டினாள். எப்படி என்று தானே கண்டுபிடித்துக்கொண்டாள். பிறகு வீட்டுக் கம்ப்யூட்டர் பக்கமே வரவில்லை. ஆபீஸ் விட்டதும் ஸ்ரீராமபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போக ஆரம்பித்தாள்.

உமேஷ் வேண்டிய வார்த்தைக்கு மேல் பேசவில்லை. அண்ணன் கேட்டதைத் தங்கையும் எப்படியோ தெரிந்துகொண்டு, அவனிடமும் பேசுவதை நிறுத்தினாள். வீட்டில் டிவி மட்டும் பேசியது. கம்ப்யூட்டரில் அய்யாவு மட்டும் மத்தியானம் சீட்டாடினார். மகா வழக்கம்போல் தூசி தட்டினாள், வைரஸ் பார்த்தாள். சரியாகத்தான் செய்தோமா என்று தட்டு கழுவும்போதெல்லாம் யோசித்தாள். பொய் சொல்லியிருந்தால் புருஷனும் பேசியிருப்பான், நாத்தனாரும் பேசியிருப்பாள். இரண்டு பேரிடமும் உண்மையைச் சொல்லி, இரண்டு பேருக்கும் ஆகாதவளாக நிற்பது என்ன சாமர்த்தியம் என்று அவளுக்கே விளங்கவில்லை. ஆனால் திரும்ப அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தால் வேறு எப்படிச் செய்வது என்று யோசித்தால் அதுவும் விளங்கவில்லை.

ஆடி மாதத்தில் ஹார்டு டிஸ்க்கிலிருந்து சத்தம் வரத் தொடங்கியது. 'டக், டக்' என்று, நகத்தால் தகரத்தைச் சுண்டுவதுபோல. மகா உடனே கிருஷ்ணப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அது சாகப்போகுது" என்றான் அவன். "ஆஃப் பண்ணாதீங்க. திரும்ப எழுந்தா எழும், எழாட்டிப் போச்சு. சிடி ரைட்டர் இருக்கில்ல? இன்னா வேணுமோ இப்பவே காபி பண்ணிக்கங்க."

உமேஷ் பாட்டு சிடி போடுவதற்கு வாங்கிய ரைட்டர் இருந்தது. அன்று சனிக்கிழமை, காலை வேளை. மகா உமேஷின் கோப்புகளை இழுத்தாள். மாமனாரின் பென்ஷன் காகிதங்களை ஸ்கேன் செய்து வைத்திருந்தது, அதை இழுத்தாள். சௌம்யாவின் ஃபோல்டரை அழுத்தினாள். அனுமதி இல்லை என்றது திரை. அவளே உள்ளே வந்து எடுத்தால்தான் உண்டு.

சௌம்யா அறையில் தலை வாரிக்கொண்டிருந்தாள். மகா வாசலில் நின்று சொன்னாள்: "டிஸ்க் போவுது. உன்னுத நீயே வந்து எடுத்துக்க. நேரம் இல்ல."

சௌம்யா கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தாள். "இன்னா, மறுபடியும் அழிச்சிட்டீங்களா?"

"நான் எதையும் தொடல. சத்தத்தக் கேளு."

டக், டக். கூடத்திலிருந்து அது இங்கேயே கேட்டது. சௌம்யா சீப்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து பாஸ்வேர்டைத் தட்டினாள். மகா அந்த நேரத்தில் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது.

"காபி ஆவ மாட்டேங்குது அண்ணி. நின்னு போச்சு."

"ஒரேயடியா இழுக்காத. கொஞ்சம் கொஞ்சமா எடு. எது ரொம்ப வேணுமோ அத மொதல்ல."

"நீங்க வந்து பண்ணுங்க. எனக்கு வர மாட்டேங்குது."

"நான் பாக்கணும்ல அப்போ."

சௌம்யா திரும்பி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சில மாதத்துக் கோபம் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் தவித்தது. "பாருங்க, பரவால்ல" என்றாள்.

மகா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள். இருவருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார்கள். டிஸ்க் சில இடத்தில் நின்று மூச்சு வாங்கியது. சில கோப்புகள் வரவே இல்லை. வந்தவரை சிடியில் எழுதியானதும், சௌம்யா அதைக் கையில் வைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலேயே சொன்னாள்:

"அவன் பேரு கிரண். எங்க ஆபீஸ்தான். கன்னடக்காரங்க, தாவணகெரே. நெஜமாவே உங்களுக்குத் தெரியாதா அண்ணி?"

"தெரியாது."

"அன்னிக்குப் பாத்துட்டீங்கன்னே நெனச்சேன். அண்ணன்கிட்ட சொல்லாம, என்கிட்ட வேற மாதிரி சொல்றீங்கன்னு."

"இப்பவும் உங்கண்ணன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். சொல்றதுன்னா நீ சொல்லு."

அவளே சொன்னாள், ஆடி கழிந்த பிறகு. உமேஷ் குதித்தான். சந்திரம்மா அழுதாள். வீடு சில நாள் வீடாக இல்லை. எல்லாம் ஓய்ந்தபோது அதுவரை வாயே திறக்காமலிருந்த அய்யாவு, "பையனோட அப்பா இன்னா பண்றாராம்?" என்று கேட்டார். தாவணகெரேயில் ரயில்வேயில் கார்டாக இருக்கிறார் என்றாள் சௌம்யா. "ரயில்வேயா?" என்றவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்த டிவிஷன்?" அங்கிருந்து பேச்சின் போக்கே மாறிவிட்டது. அடுத்த வருடம் கல்யாணம் நடந்தது. மந்திரம் ஒரு பாஷையிலும் சமையல் சண்டை இரண்டு பாஷையிலும்.

மகா அதன் பிறகு ஸ்ரீராமபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். உமேஷ்தான் ஆளைப் பிடித்துச் சொல்லி ஏற்பாடு செய்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவன் அவளிடம் பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. ஆனால் சௌம்யா புகுந்த வீடு போன சில நாளில், புது டிஸ்க் போட்ட கம்ப்யூட்டர் முன்னால் வந்து நின்று, தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான்: "எனக்கும் ஒரு பாஸ்வேர்ட் போட்டுக் குடேன்."

"உங்களுக்கு எதுக்கு?"

"இருக்கட்டுமே. எல்லாரும் வெச்சிருக்காங்க."

அவள் கணக்கைத் திறந்து, கீபோர்டை அவன் பக்கம் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினான். அடுத்த வாரமே மறந்துபோனான். என்னென்னவோ போட்டுப் பார்த்து, கடைசியில் அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

மகா கையைக் கழுவிக்கொண்டு வந்து பழைய பாஸ்வேர்டை எடுத்துவிட்டாள்.

"காலியா இருக்கு, புதுசா போட்டுக்கங்க" என்றாள். "இந்த வாட்டி ஞாபகம் இருக்கறாப்பல போடுங்க."

"உன் பேரைப் போட்டா?"

"அத என்கிட்ட சொல்லக்கூடாது" என்று சொல்லிவிட்டு, சாதம் பொங்குகிற சத்தம் கேட்டு உள்ளே ஓடினாள்.